அட்டையில் இருந்த பெயர்

குறுந்தகட்டைக் கணினிக்குள் தள்ளியதும் ஐடியூன்ஸ் திரையில் வந்த பெயர் லாஸ்லோ சைமன். அட்டையில் அச்சாகியிருந்ததோ ஜாய்ஸ் ஹாட்டோ. ஒரு ரசிகருக்கு நேர்ந்த இந்தக் குழப்பம் 2007 பிப்ரவரியில் பிரிட்டனின் ‘கிராமபோன்’ இதழ் வழியே ஊருக்குத் தெரிந்தபோது, இசை விமர்சகர்கள் பலர் முகத்தில் ஈயாடவில்லை.

ஹாட்டோ 1970களிலேயே மேடையிலிருந்து விலகிய ஆங்கிலேயப் பியானோ கலைஞர். கணவர் வில்லியம் பாரிங்டன்-கூப் நடத்திய சிறு நிறுவனம் அவர் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட தகடுகளை வெளியிட்டது. புற்றுநோயோடு போராடும் முதிய பெண்மணி, லிஸ்ட், ஷோபான், ராக்மனினாஃப் என்று எதையும் விட்டுவைக்காமல் வாசிக்கிறார்! யாருக்குத்தான் மனம் இளகாது? 2006இல் 77 வயதில் அவர் மறைந்தபோது மேதை என்றே அஞ்சலி எழுதினார்கள்.

ஒலி அலைகளை ஒப்பிட்டதும் சாயம் வெளுத்தது. தகடுகள் பிற கலைஞர்களின் பதிவுகள். சிலவற்றின் வேகம் மட்டும் கூட்டிக் குறைக்கப்பட்டிருந்தது. கூடவே இசை நடத்துநராக ரெனே கோலர் என்றொரு கற்பனை ஆசாமி வேறு.

இதில் ராக்மனினாஃபின் மூன்றாம் பியானோ கான்செர்ட்டோதான் சுவாரசியம். ‘ஹாட்டோ’ பதிவு என்று வந்தது உண்மையில் எஃபிம் பிரான்ஃப்மன் வாசித்தது. பிரான்ஃப்மன் பெயரில் வந்தபோது தவிப்பும் வேகமும் போதவில்லை என்று குறைசொன்ன ‘கிராமபோன்’ விமர்சகரே, ஹாட்டோ பெயரில் கேட்டபோது மகத்தான வாசிப்பு என்று கொண்டாடினார். சுரம் மாறவில்லை, கைகள் மாறவில்லை. மார்க் மட்டும் எகிறிவிட்டது.

நல்ல வாசிப்பைத்தானே பாராட்டினோம் என்று விமர்சகர்கள் சொல்லிக்கொள்ளலாம். சைமனும் பிரான்ஃப்மனும் தேர்ந்த கலைஞர்கள் என்பதால் அதில் நியாயமும் உண்டு. ஆனால் முதல் தடவை கேட்காத தவிப்பு இரண்டாம் தடவை எங்கிருந்து வந்தது? நோயாளி வாசிக்கிறார் என்ற செய்தியிலிருந்துதான் என்பது இந்தப் பத்தியின் கணிப்பு. வலியில் மனைவி முனகிய இடங்களை மறைக்கவே முதலில் ஒட்டுப்போட்டதாகப் பாரிங்டன்-கூப் பின்னர் சொன்ன விளக்கமும் அதே அனுதாபத்தைக் குறிவைத்ததுதான்.

வயலின் மேதை ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் செய்தது இதற்கு நேர்மாறு. தான் இயற்றிய சிறு உருப்படிகளைப் புன்யானி, கூப்ரன் போன்ற பழைய மேதைகளுடையவை என்று பல்லாண்டு வாசித்துவிட்டு, 1935இல் உண்மையை ஒப்புக்கொண்டார். லண்டன் விமர்சகர் எர்னஸ்ட் நியூமன் கொதித்தார். பெயர் மாறினாலும் தரம் மாறாது என்று கிரைஸ்லர் பதிலளித்தார். அந்த உருப்படிகளை வயலின் மாணவர்கள் இன்றும் பயில்கிறார்கள், கிரைஸ்லர் பெயரிலேயே.