இடம் மாறிய பல்பு

தக்காளி ஏற்றிய வண்டிகள் ஓசூர் பக்கம் கிளம்பும் நேரத்தில், ராயக்கோட்டையில் என் காரின் இடது விளக்கு கண்ணடிக்க ஆரம்பித்தது. ஆலஜனைக் கழற்றிவிட்டு நான் ஆசையாக மாட்டிய செனான்.

வயரிங் கடை அண்ணன் முதலில் சுவிட்சை அணைத்தார். பற்றும் கணத்தில் அந்தப் பல்புக்கு இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் பாயும். பற்றியபின் 85 வோல்ட் அளவில், 35 வாட்டில் சாதுவாகிவிடும். கண்ணாடியில் விரல் படாமல் இடது பல்பை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றினார்.

"இப்பவும் இடதுதானே அடிக்குது? அப்ப பல்பு நல்லாருக்கு தம்பி."

பல்புக்கு வோல்ட்டை ஏற்றித் தரும் பேலஸ்ட்டையும் அதேபோல இடம் மாற்றினார். கோளாறு இருந்த இடத்திலேயே இருந்தது. மீட்டரைத் தொடாமலே பாதி நோயைப் பிடித்த அந்தச் சிக்கனத்துக்கு எத்தனை டீ வேண்டுமானாலும் வாங்கித் தரலாம்.

இடது பக்க எர்த் போல்ட்டில் துரு. பற்றவைக்கும்போது பேலஸ்ட் கரண்டை அதிகமாக இழுக்கும். அந்த நேரம் பார்த்து வோல்ட் துருவிலேயே தொலைந்துவிடுகிறது. உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தார். பேட்டரியிலிருந்து ரிலே வழியாகத் தடித்த ஒயர் ஒன்றும் இழுத்தார். விளக்கு அசையாமல் நின்றது.

எனக்குத் திருப்தி, அவருக்கு இல்லை. எதிர்ச்சுவரில் விழுந்த ஒளியைக் காட்டினார். ஆலஜனுக்கென்று வடித்த குழிக்கண்ணாடி, செனானின் வெளிச்சத்தை மேலேயும் சிதறடித்துக்கொண்டிருந்தது.

"எதிர்ல வர்றவன் கண்ணு என்னாவறது? பழைய ஆலஜன் இருக்கா?"

டேஷ்போர்டைத் திறந்தேன்.