ஸ்கின்னரும் நன்னூலும்

பி. எஃப். ஸ்கின்னர் 1968-இல் வெளியிட்ட ‘கற்பித்தலின் தொழில்நுட்பம்’ ஆசிரியப் பயிற்சி பெற்றோர்க்குப் புதிதன்று. பாடத்தைச் சிறு படிகளாகப் பகுத்தல், விடையிறுத்தவுடன் சரி பிழை தெரிவித்தல், தண்டனையை விடுத்தல் ஆகிய மூன்றும் அதன் சாரம். மூன்றாவதை முழுமனத்துடன் ஏற்போம். பிரம்புக்கு அஞ்சும் பிள்ளை பாடத்தை மட்டுமன்று, பள்ளியையே வெறுக்கும்.

ஆயினும் ஒரு குறை உண்டு. ஜாசின் வட்டாரத் தோட்டப் பள்ளியொன்றில் ஏழாம் வாய்பாட்டைப் பிழையின்றி ஒப்பித்த சிறுவனிடம், “வரிசைக்கு ஏழு செம்பனை, எட்டு வரிசைக்கு எத்தனை?” என்றேன். விழித்தான். அவனையே இளைய மாணவனுக்குக் கல் அடுக்கிக் கற்பிக்கச் செய்தேன். இரண்டு நாளில் தெளிந்தான்.

ஆசிரியரிடம் பெறுவது காற்பங்கு, உடன் பயில்வோரிடம் காற்பங்கு, பிறர்க்கு உரைப்பதால் வருவது அரைப்பங்கு என்பது பவணந்தியார் நன்னூலிற் காட்டும் கணக்கு. ஸ்கின்னரின் கற்பிக்கும் பொறிமுன் பிள்ளை தனியே அமர்கிறது. முதற் காற்பங்கை அப்பொறி தரலாம். எஞ்சிய முக்காற் பங்கை யார் தருவது?

1988-இல் தொடங்கி 2021-இல் நீக்கப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்காக நாம் அளித்த ஓயாத பயிற்சியும் பெரும்பாலும் அம்முதற் காற்பங்கிலேயே நின்றது. தேர்வு போயிற்று, அப்பழக்கமும் போக வேண்டாவா?