டங்கனின் ரத்தம் யார் கையில்?

'மேக்பெத்' நாடகத்தில் அரசன் டங்கன் கொல்லப்படுவதை நாம் பார்ப்பதில்லை. மேக்பெத் உள்ளே போகிறான். மேடையில் அவன் மனைவி மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். ஆந்தை அலறுகிறது. சற்று நேரத்தில் அவன் ரத்தம் தோய்ந்த கத்திகளோடு திரும்பி வருகிறான். அவ்வளவுதான். பின்னால் மேக்பெத்தின் தோழன் பாங்க்வோவை வழிமறித்து வெட்டுவதையும், பிரபு மக்டஃபின் சின்னஞ்சிறு மகனைக் குத்துவதையும் மேடையிலேயே காட்டத் தயங்காத ஷேக்ஸ்பியர், நாடகத்துக்கே ஆதாரமான கொலையை மட்டும் கதவுக்குப் பின்னால் வைத்தார். கிரேக்க நாடகத்தில் அகமெம்னான் அரண்மனைக்குள் வெட்டுண்டு சாவது மேடை மரபு. லண்டன் மேடைக்கு அப்படியொரு கட்டுப்பாடு கிடையாது.

காட்டாமல் விட்ட அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதில்தான் நானூறு ஆண்டுகளாக நடிகர்களும் விமர்சகர்களும் பிரிந்து நிற்கிறார்கள். என் அளவுகோல் ஒன்றே: கொலைக்கு அடுத்த சில நிமிடங்கள், கணவனும் மனைவியும் கிசுகிசுக்கும் இரண்டாம் அங்கத்து இரண்டாம் காட்சி. அது சரியாக அமைந்தால் மற்றவை தாமே வந்து சேரும். அது சரிந்து விழுந்தால், எத்தனை சூனியக்காரிகள் புகை மூட்டத்தில் வந்தாலும் பயனில்லை.

வரலாற்று மேக்பெத் 1040இல் டங்கனைப் போரில் வீழ்த்தி, பதினேழு ஆண்டு ஆண்டவன். அதில் குற்ற உணர்வுக்கு வேலையில்லை. ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில் வேறொரு கொலை இருந்தது. டான்வால்டு என்பவன், மனைவியின் தூண்டுதலால், தன் கோட்டையில் தங்கி உறங்கிய டஃப் அரசனைத் தீர்த்துக்கட்டிய கதை. 1606 வாக்கில் ஷேக்ஸ்பியர் இரண்டையும் இணைத்தார். டான்வால்டு வேலைக்காரர்களை ஏவித்தான் கொன்றான். ஷேக்ஸ்பியரோ கத்தியை மேக்பெத்தின் கையிலேயே கொடுத்துவிட்டார். கொல்லப்படுபவன் அரசன், உறவினன், வீட்டுக்கு வந்த விருந்தாளி. காவல் காக்க வேண்டிய கையே குத்துகிறது.

1611இல் குளோப் அரங்கில் நாடகத்தைப் பார்த்த சைமன் ஃபோர்மன் என்ற சோதிடர் எழுதிவைத்த குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. கணவன் மனைவி இருவர் கையிலிருந்தும் ரத்தத்தை எப்படியும் கழுவ முடியவில்லை என்பது அவர் மனதில் தைத்திருக்கிறது. முதல் தலைமுறைப் பார்வையாளரே நாடகத்தின் நரம்பைப் பிடித்துவிட்டார்.

அடுத்த தலைமுறைக்கு அது எட்டவில்லை. 1664இல் நாடக ஆசிரியர் டெவனன்ட் திருத்திய வடிவத்தில் சூனியக்காரிகள் பறந்தார்கள், பாடினார்கள், ஆடினார்கள். நாட்குறிப்பு எழுதிய பீப்ஸ் போன்றவர்கள் ரசித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அதில் டங்கனின் ஆவியே வந்து மேக்பெத்தின் மனைவியைத் துரத்துகிறது. உள்ளே அரிக்க வேண்டியதை வெளியே ஒரு வேஷமாக நிறுத்தினால் பார்ப்பவருக்கு நிம்மதிதான். சாகும்போது மேக்பெத் பேராசையைப் பழித்துவிட்டு வேறு சாகிறான். கேளிக்கைப் பள்ளி என்று இதற்குப் பெயர் வைக்கலாம். இன்றும் அது சாகவில்லை.

1744இல் நடிகர் டேவிட் கேரிக் மூலத்துக்குத் திரும்புவதாக அறிவித்தார். முழுதும் திரும்பவில்லை. கொலைக்குப் பின் வரும் குடிகார வாயிற்காப்போன் காட்சியை விட்டுவிட்டார், தமக்காக ஒரு மரண வசனமும் எழுதிக்கொண்டார். ஆனாலும் கொலைக்குப் பிந்தைய காட்சியில் அவரும் மேக்பெத்தின் மனைவியாக நடித்த ஹன்னா பிரிட்சர்டும் தாழ்ந்த குரலில், பாதிப் பேச்சும் பாதிப் பார்வையுமாக நடித்தது அக்காலத்தில் பேசப்பட்டது. கேரிக்கின் வழி முகத்தின் வழி. விருந்துக் காட்சியில், கொலையாளியின் முகத்தில் ரத்தம் இருக்கிறது என்று அவர் சொன்ன பார்வையில் எதிரே நின்ற நடிகர் மிரண்டுபோய், நிஜமாகவே தன் முகத்தைத் தடவிப் பார்த்தாராம். பிரிட்சர்ட் தன் பாத்திரத்துக்கு அப்பால் நாடகத்தைப் படித்ததே இல்லை என்பது டாக்டர் ஜான்சனின் குறை. அப்படிப் படிக்காமலே அவ்வளவு நடித்தார் என்றால் அதுவும் ஒரு திறமைதான்.

அடுத்து வந்த நடிகை சாரா சிடன்ஸ் படித்தார். இளவயதில் ஓர் இரவு தனியே இந்தப் பாத்திரத்தை நெட்டுருப் போட உட்கார்ந்தவர், கொலைக் காட்சி வந்ததும் மெழுகுவத்தியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். படியேறும்போது தன் உடையின் சரசரப்பே பின்தொடரும் பேய்போலக் கேட்டதென்றும், உடை மாற்றக்கூடத் துணியாமல் கட்டிலில் விழுந்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். 1785 பிப்ரவரியில் டிரூரி லேன் அரங்கில் அவர் மேடையேறிய அன்று, தூக்கத்தில் நடக்கும் காட்சியில் மெழுகுவத்தியைக் கீழே வைத்துவிடப் போவதாகச் சொன்னார். அரங்க மேலாளர் ஷெரிடன் பதறினார். பிரிட்சர்ட் அதைக் கையிலிருந்து இறக்கியதே இல்லை, மக்கள் பொறுக்கமாட்டார்கள் என்றார். சிடன்ஸ் கேட்கவில்லை. இரண்டு கையும் விடுபட்டால்தானே கழுவ முடியும்! இந்த எளிய நியாயம் அதுவரை யாருக்கும் தோன்றாததுதான் ஆச்சரியம். கொலை இரவில் கொஞ்சம் தண்ணீர் போதும் என்று கணவனை அதட்டியவள், இப்போது இல்லாத தண்ணீரில் இல்லாத கறையைத் தேய்க்கிறாள். 1812இல் அவர் விடைபெற்ற இரவு, இந்தக் காட்சியோடு நாடகத்தை நிறுத்தச் சொல்லிப் பார்வையாளர்கள் பிடிவாதம் பிடித்தார்கள், திரை விழுந்தது.

அவருடைய தம்பி, நடிகர் கெம்பிள், 1794இல் விருந்தில் வரும் பாங்க்வோவின் ஆவிக்கு நடிகரே வேண்டாம், வெறும் நாற்காலி போதும் என்று பார்த்தார். ஆவியைக் காணாத கூட்டம் முணுமுணுக்க, அது பிறகு திரும்பி வந்தது. என் ஓட்டு நாற்காலிக்கே. கொலைக்கு முன் மேக்பெத்துக்கு அந்தரத்தில் தெரியும் கத்தியை நமக்குக் காட்டாதபோது ஆவியை மட்டும் ஏன் காட்ட வேண்டும்?

கண்ணையும் கையையும் விட்டுச் செவியைப் பிடித்தவர் கட்டுரையாளர் டி குவின்சி. கொலை முடிந்ததும் கோட்டைக் கதவு தட்டப்படும் ஓசை தம்மை ஏன் அப்படி உலுக்கியது என்று 1823இல் ஒரு கட்டுரை எழுதினார். கொலையின்போது சாதாரண உலகம் மூச்சடங்கிக் கிடந்தது. தட்டல் கேட்டதும் அது மறுபடி ஓடத் தொடங்குகிறது. நின்றிருந்தது என்பதே அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. குடிமயக்கத்தில் நரக வாசலைக் காப்பதாகப் பேசும் அந்த வாயிற்காப்போனைக் கவிஞர் கோல்ரிட்ஜ் யாரோ பாமரருக்காக நுழைத்த இடைச்செருகல் என்று ஒதுக்கினார். கோல்ரிட்ஜ் பெரியவர்தான், ஆனால் இந்த இடத்தில் டி குவின்சிக்கே காது இருந்தது.

புத்தகத்துக்குள் நாடகத்தைப் பார்த்த விமர்சகர்களை விரைவாகக் கடக்கலாம். 1904இல் பிராட்லி இருளையும் அதில் பளிச்சிடும் சிவப்பையும் சொன்னார். 1916இல் ஃப்ராய்டு, ஒரே மனம் இருவராகப் பிளந்திருக்கிறது என்றார்: தூக்கம் போய்விட்டதாகக் குரல் கேட்டவன் கணவன், தூக்கத்தில் நடப்பவள் மனைவி. 1935இல் கரோலின் ஸ்பர்ஜன், மேக்பெத்துக்குப் பொருந்தாமல் தொங்கும் கடன் உடைகளைக் கவிதை வரிகளில் தேடி எடுத்தார். 1947இல் கிளெந்த் புரூக்ஸ் உடையையும் பச்சைக் குழந்தையையும் சேர்த்து வாசித்தார். இவற்றில் மேடைக்கு அதிகம் பயன்பட்டது ஃப்ராய்டு சொன்னதுதான்.

திரைப்படத்தில் சோதனை இன்னும் கடுமை, ஏனென்றால் கேமராவால் எதையும் காட்டிவிட முடியும். போலன்ஸ்கி 1971இல் காட்டினார்; கத்தி டங்கன்மேல் இறங்குகிறது. அந்தக் கணத்தில் நம் கற்பனைக்கு ஓய்வு கொடுத்துவிட்டார். குரோசாவா 1957இலேயே இதைத் தெரிந்து வைத்திருந்தார். அவர் படத்தின் மேக்பெத்தான வாஷிசு ஈட்டியோடு போகிறான். கேமரா மனைவி அசாஜியோடு அறையில் தங்கிவிடுகிறது. அவளாக நடித்த இசுசு யமாதாவின், ஜப்பானிய நோ நாடக முகமூடிபோல் உறைந்த முகம், அவள் நடக்கும்போது பட்டு உடை எழுப்பும் ஓசை. அவன் திரும்பியதும், இறுகிய விரல்களைப் பிரித்து ஈட்டியை அவள்தான் வாங்கவேண்டியிருக்கிறது.

மேடையில் இதற்கு ஈடாக நான் வைப்பது டிரெவர் நன் 1976இல் ஸ்ட்ராட்ஃபோர்டின் 'தி அதர் பிளேஸ்' என்ற சிறு அரங்கில் இயக்கியது. தரையில் ஒரு வட்டம், சுற்றிலும் பெட்டிகள்மேல் நடிகர்கள். இயன் மெக்கெல்லனும் ஜூடி டெஞ்சும் கைநீட்டும் தூரத்தில். பின்னர் அது தொலைக்காட்சிக்காகப் பதிவானதால் இன்றும் பார்க்கலாம். ஆடம்பரம் இல்லாததால் கிசுகிசுப்பு முழுதாகக் கேட்கிறது.

பம்மல் சம்பந்த முதலியார் இந்த நாடகத்தை 'மகபதி' என்று தமிழாக்கியிருக்கிறார். ஆகவே நமக்கு இது அந்நியச் சரக்கல்ல. மேடையேற்ற நினைக்கும் நம் குழுக்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. நேரம் மிச்சமாகும் என்று வாயிற்காப்போனை வெட்டாதீர்கள். கதவு தட்டும் ஓசையைப் பதிவுசெய்து ஒலிபெருக்கியில் விடாமல், பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு கனத்த மரக்கதவை நிறுத்தி, ஓர் ஆளை வைத்துத் தட்டச் சொல்லுங்கள்.