குடம் சுமப்பவர் யார்? – அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலை முன்வைத்து

சென்னை மாநகரைக் களமாகக் கொண்ட தமிழ் நாவல்கள் பல உண்டு. ஆனால் மாநகர வாழ்வின் ஏற்றத்தாழ்வை ஒரு குடம் தண்ணீரைக் கொண்டு அளந்து காட்டிய நாவல் என்று சொல்லத்தக்கது அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. ‘கணையாழி’ இதழில் தொடராக வெளிவந்து, 1973ஆம் ஆண்டில் நூல்வடிவம் பெற்ற இப்படைப்பு அளவில் சிறியது. 1931இல் செகந்திராபாத்தில் பிறந்து, இளமையிலேயே சென்னைக்குக் குடிபெயர்ந்து, 2017இல் மறையும்வரை எழுதிக்கொண்டிருந்தவர் அசோகமித்திரன். ஜெமினி ஸ்டூடியோவில் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றியவர் ஆதலின், திரையுலக வெளிச்சத்தின் பின்னாலுள்ள இருளையும் அவர் அறிவார். மாநகரின் தெருவைப் பற்றிய அறிவும் திரையுலகைப் பற்றிய அறிவும் ‘தண்ணீர்’ நாவலில் ஒன்றுகூடியுள்ளன.

சென்னையின் ஒரு தெருவைப் பற்றிய நாவல் திருவண்ணாமலையில் வாழும் நமக்கு எதற்கு என்னும் வினா எழலாம். 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டுபோயின. அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள், அன்றைய வேலூர் மாவட்டத்து ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது தொட்டிகள் கோத்த இரயில் ஒன்று 25 இலட்சம் லிட்டர் தண்ணீருடன் சென்னை வில்லிவாக்கத்திற்குப் புறப்பட்டது. நாவலின் தெருவில் காலிக் குடத்துடன் நிற்கும் பெண்ணுக்கும் நமது வட்டாரத்துக் குழாய்களுக்கும் இடையே ஓர் இருப்புப்பாதை உண்டு என்பதை அன்று கண்டோம். இதனினும் நெருக்கமான காரணம் ஒன்றும் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

குறியீடா, குடிநீரா?

நாவலின் கதை எளிது. ஜமுனா திரைப்படத்தில் நடிகையாகும் கனவோடு வாழ்பவள். வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி வரும் பாஸ்கர் ராவ் அவளைப் பயன்படுத்திக்கொள்கிறான். தங்கை சாயா அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். கணவன் இராணுவத்தில் இருக்கிறான். அக்காளின் வாழ்க்கையைச் சகிக்க முடியாமல் அவள் பிரிந்து செல்கிறாள். தனித்துவிடப்பட்ட ஜமுனா தற்கொலைக்கு முயல்கிறாள். அக்கம்பக்கத்தில் வாழும் டீச்சரம்மா என்னும் பெண்மணி தன் வாழ்வின் கசப்பை அவளிடம் திறந்து காட்டி, அவளை மீண்டும் வாழ்வின் பக்கம் திருப்புகிறார். இவை யாவும் நிகழும்போது, தெருவில் தண்ணீர் இல்லை.

திறனாய்வாளர் பலர் இந்நாவலின் தண்ணீரைக் குறியீடாகக் கண்டுள்ளனர். வறண்ட குழாய் வறண்ட மனிதநேயத்தைக் குறிக்கிறது என்றும், ஊற்று மீண்டும் சுரப்பது ஜமுனாவின் உள்ளத்திலேயே என்றும் விளக்கம் கூறுவர். இவ்வாசிப்பு பிழையன்று, ஆனால் போதுமானதன்று. அவசரப்பட்டுக் குறியீட்டுக்குத் தாவும் வாசகர், குடத்தின் பாரத்தை மறந்துவிடுகிறார். அசோகமித்திரன் அந்தப் பாரத்தை மறக்கவே விடுவதில்லை. அடிகுழாயை அடித்து அடித்துக் கை ஓய்வது, யார் வீட்டில் தண்ணீர் வருகிறது என்று விசாரித்துத் திரிவது, தோண்டிய சாலையில் வழுக்காமல் நடப்பது, வீட்டுச் சொந்தக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையே மூளும் பூசல் என நாவல் நெடுகிலும் தண்ணீர் முதலில் தண்ணீராகவே இருக்கிறது. அது ஒரு பெண்ணின் இடுப்பில் ஏறும் எடை. அவளுடைய உறக்கத்திலிருந்து கழியும் நேரம்.

மாநகரின் சமத்துவமின்மையைப் பேசும்போது நாம் பெரும்பாலும் வருமானத்தையே எண்ணுகிறோம். ‘தண்ணீர்’ காட்டும் கணக்கு வேறு. பணமுள்ளவர் பணத்தால் பெறுவதை, பணமில்லாதவர் தம் உடம்பாலும் நேரத்தாலும் ஈடுகட்டுகிறார். அவருள்ளும் பெண்ணே ஈடுகட்டுகிறாள். ஒரு நகரம் தனது நிர்வாகத்தின் குறைபாட்டைப் பெண்களின் முதுகில் இறக்கி வைத்துவிட்டு, அதற்குக் ‘குடும்பப் பொறுப்பு’ என்று பெயர் சூட்டுகிறது. ஜமுனாவின் உடலைத் திரையுலகம் விலையாக்குவதும், தெருப் பெண்களின் உழைப்பை மாநகரம் விலையின்றி எடுத்துக்கொள்வதும் இருவேறு கதைகள் அல்ல. இவ்விரண்டையும் ஒரே தெருவில் வைத்து, ஒரு சொல்கூட விளக்கம் கூறாமல் விட்டதே ஆசிரியரின் பெருஞ்சாதனை.

கண்ணுக்குத் தெரியாத பகைவன்

இவ்விடத்தில் கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகத்தோடு ஒப்பிடுதல் பயன் தரும். 1981இல் கே. பாலசந்தர் அதனைத் திரைப்படமாக்கினார். அத்திப்பட்டு என்னும் வறண்ட சிற்றூரின் மக்கள் தாமே வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவர முனைகின்றனர். அதிகார வர்க்கம் தடுக்கிறது. அங்கே பகைவன் கண்ணுக்குத் தெரிகிறான். கோபம் கொள்ள ஒரு முகம் உண்டு. அசோகமித்திரனின் தெருவில் அத்தகைய முகம் இல்லை. வருபவர் யாவரும் குழி தோண்டும் தொழிலாளரும், பதில் தெரியாத கடைநிலை ஊழியருமே. தண்ணீர் எங்கிருந்து வர வேண்டும், ஏன் வரவில்லை, யாருக்கு வருகிறது என்பதைத் தெருவார் எவரும் அறியார். மாநகரத்து அநீதியின் இயல்பை இதைவிடத் துல்லியமாகக் காட்ட இயலாது. சிற்றூரில் ஏழைக்கு எதிரி இருக்கிறான். மாநகரிலோ ஏழைக்கு எதிரே மூடிய அலுவலகம்தான் இருக்கிறது.

2019இல் சென்னைக் குடிநீர் வாரியம் நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் என்றிருந்த வழங்கலை 52.5 கோடியாகக் குறைத்தது. இக்குறைவு எல்லார் வீட்டிலும் ஒரே அளவாகக் குறையவில்லை. நிலத்தடித் தொட்டியும் ஆழ்துளைக் கிணறும் உடையவர் தனியார் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கினர். புறநகர்க் கிராமங்களின் வயற்கிணறுகள் அதற்காக உறிஞ்சப்பட்டன. குடிசைப் பகுதியினரோ தெருத்தொட்டிகளின் முன் நெகிழிக் குடங்களை வரிசையாக வைத்துக் காத்திருந்தனர். 2018இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரம் தண்ணீர் தீரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தபோதும் இதே நிலைதான். நீச்சல்குளம் கொண்ட வீடுகளுக்கு அது புதிய நெருக்கடி. பொதுக்குழாயை நம்பி வாழ்ந்த புறநகர்க் கறுப்பின மக்களுக்கோ அது அன்றாட வாழ்க்கை. பஞ்சம் இயற்கையினுடையது, பங்கீடு மனிதருடையது.

டீச்சரம்மாவும் சமாரியப் பெண்ணும்

கிறிஸ்தவ வாசகர் இந்நாவலில் பெரிதும் உருகி நிற்கும் இடம் டீச்சரம்மாவின் பகுதியாகும். யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரம் நினைவுக்கு வருவது இயல்பே. ஊராரின் பேச்சுக்கு ஆளான ஒரு பெண், உச்சிவேளையில் கிணற்றடிக்கு வருகிறாள். இயேசு அவளுக்கு முதலில் உபதேசம் செய்யவில்லை. தமக்குக் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். தாழ்ந்தவளாக எண்ணப்பட்டவளைக் கொடுப்பவளாக உயர்த்துகிறார். டீச்சரம்மாவும் ஜமுனாவுக்கு அறவுரை கூறவில்லை. தம்மைவிடப் பல ஆண்டுகள் மூத்த, நோயாளியான ஒருவருக்கு இளவயதிலேயே மணமுடிக்கப்பட்டு, மாமியாரின் கொடுமையில் கழிந்த தம் வாழ்வைச் சொல்கிறார். தீர்ப்பிடும் உயரத்திலிருந்து இறங்கி, அருகில் வந்து நிற்கிறார். அந்த அருகாமைதான் ஜமுனாவைக் காக்கிறது.

ஆயினும் இங்கே ஓர் ஆபத்து உண்டு. டீச்சரம்மாவின் பொறுமையைப் புனிதமாக்கி, அதனை ஏழைகளுக்குரிய புண்ணியமாகப் பரிந்துரைக்கும் வாசிப்பு நம்மிடையே எளிதில் தோன்றும். தவக்காலப் பிரசங்கங்களில் இத்தகைய எடுத்துக்காட்டுகளைக் கேட்டுப் பழகியவர்கள் நாம். துன்பத்தைத் தாங்கும் ஆற்றல் போற்றத்தக்கதே. ஆனால் தாங்குவோரைப் போற்றிவிட்டு, சுமத்துவோரை வினவாமல் விட்டால், நமது போற்றுதல் அநீதிக்குத் துணைபோகும். நற்செய்தியின் சமாரியப் பெண் தன் குடத்தைக் கிணற்றடியில் விட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாள். ஊரையே அழைத்து வந்தாள். ‘தண்ணீர்’ நாவலின் பெண்கள் குடத்தை விட முடியாதவர்கள். குடத்தை விட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. இந்த வேறுபாட்டை உணராமல் இரண்டையும் ஒப்பிடுவது வெறும் பக்தி அலங்காரமாகவே முடியும்.

தெருமுனையில் நிற்கும் பார்வை

இத்தனை சிறப்பும் கொண்ட நாவலுக்கு ஓர் எல்லையும் உண்டு. அதன் பார்வை தெருமுனையோடு நின்றுவிடுகிறது. கீழ்நடுத்தர வர்க்கத்து வாடகைக் குடித்தனங்களின் துயரம் அதில் முழுமை பெறுகிறது. ஆனால் அத்தெருவுக்குக் குழி தோண்ட வந்தவரின் வீட்டில் தண்ணீர் உண்டா என்பதை நாவல் கேட்பதில்லை. தண்ணீரை இழக்கும் கிராமங்களும் அதன் சட்டகத்துக்குள் வருவதில்லை. சிறிய நாவலிடம் எல்லாவற்றையும் எதிர்பார்ப்பது நியாயமன்று என்பது உண்மையே. ஜமுனாவின் அறிவெல்லைக்குள் கதையை நிறுத்துவது ஆசிரியரின் கலைநேர்மை. எனினும் அவ்வெல்லைக்கு அப்பால் உள்ளதை எண்ணிப் பார்ப்பது வாசகரின் கடமை.

இந்நாவல் வெளிவந்த அதே காலத்தில், வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவர மேற்கொள்ளப்பட்ட முதல் திட்டம் பாதியில் நின்றது. அதற்கெனச் செய்த பெரிய குழாய்கள் பல ஆண்டுகள் சாலையோரங்களில் கிடந்தன. வீடற்ற ஏழைகள் சிலர் அவற்றுள் குடியேறினர். தண்ணீர் வர வேண்டிய குழாயில் மனிதர் வாழ்ந்தனர். தண்ணீரோ 2004இல் புதிய வீராணம் திட்டம் நிறைவேறிய பின்னரே வந்தது. 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின், அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல நகருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டன. அதுவும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதியே. வறட்சியில் முதலில் வாடுவோரும் வெள்ளத்தில் முதலில் மூழ்குவோரும் ஒரே மக்கள். ஜோலார்பேட்டை இரயில் கொண்டுசென்றது மாநகரின் ஒருநாள் வழங்கலில் அரை விழுக்காடுகூட இல்லை. ஆனால் மாநகரின் தாகம் எவ்வளவு தொலைவு வரை கை நீட்டும் என்பதை அது காட்டிவிட்டது.

நம் மலையடிவாரம்

இனி, முன்பு சொன்ன நெருக்கமான காரணத்திற்கு வருவோம். திருவண்ணாமலை இன்று சிற்றூர் அன்று. 2024இல் மாநகராட்சியாகவும் உயர்ந்தது. 1990களிலிருந்து பௌர்ணமிக் கிரிவலம் பெருகிய வேகத்தில், பதினான்கு கிலோமீட்டர்ப் பாதையை ஒட்டி விடுதிகளும் மனைப்பிரிவுகளும் பெருகின. நிலத்தின் விலை ஏற ஏற, எளியவரின் குடியிருப்பும் மலைச்சரிவில் ஏறியது. 2024 டிசம்பர் 1ஆம் நாள், ஃபெஞ்சல் புயலின் பெருமழையில், மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து விழுந்து ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் சிறுவர் சிறுமியர்.

அவ்வாண்டுக் கார்த்திகைத் தீபத்திற்கு இரண்டு வாரங்களும் இல்லாத வேளை அது. பக்தர்கள் மலையேறுவது பாதுகாப்பானதா என வல்லுநர்கள் மலையை ஆராய்ந்தனர். தீபத்தன்று பக்தர்களுக்கு மலையேற அனுமதி வழங்கப்படவில்லை. இது சரியான முடிவே. ஆனால் ஒருநாள் ஏறி இறங்குவோருக்குக் கேட்கப்பட்ட இக்கேள்வி, ஆண்டு முழுவதும் அச்சரிவில் உறங்குவோருக்காக எப்போது கேட்கப்பட்டது? மலையை இறைவனாகவே போற்றும் மக்கள் வாழும் ஊர் இது. அப்பக்தி நம் மதிப்புக்குரியது. அம்மலையின் பாரம் யார் வீட்டின் மேல் விழுகிறது என்று கேட்பது எந்தச் சமயத்தாரின் பக்திக்கும் மாறானதன்று.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில், பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் ஒன்றாகவே கேட்க வேண்டும் என்று வற்புறுத்தினார். தூய குடிநீரை மனிதரின் அடிப்படை உரிமையாகக் கண்டார். ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 2010லேயே இவ்வுரிமையை ஏற்றது. கோட்பாட்டுக்கு நம்மிடம் குறைவில்லை. குறைவது, தெருவில் இறங்கிப் பார்க்கும் கண்.

அந்தக் கண்ணைத் தருவதனால்தான் ‘தண்ணீர்’ இன்றும் வாசிக்கத்தக்க நாவலாக நிற்கிறது. நமது பங்குகளின் அன்பியக் கூட்டங்களில் யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தோடு இதனையும் சேர்த்து வாசிக்கலாம். வாசித்து முடித்தபின், நம் தெருவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நம் குப்பை எங்கே போகிறது, கிரிவலம் முடிந்த விடியலில் அப்பாதையைத் துப்புரவு செய்வோர் எங்கே வாழ்கின்றனர் என்று விசாரிக்கலாம். டீச்சரம்மாவைப் போல் அருகில் சென்று நின்றால் பதில்கள் கிடைக்கும். அப்பதில்களோடு அங்கேயே நின்றுவிடாமல், மூடிய அலுவலகத்தின் கதவையும் சேர்ந்து தட்ட வேண்டும். அசோகமித்திரனின் தெருவார் செய்ய இயலாமற்போனது அது ஒன்றே.