முத்தும் இல்லை, பெட்டியும் இல்லை

துறைமுகச் சாலை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக எழுத்து காட்டிக்கொண்டு போகும். தகரம் மடிப்பு மடிப்பாக இருப்பதால், நேரே தடியாகத் தெரிகிற எழுத்து, லாரி திரும்பியதும் பள்ளத்தில் பாதி ஒளிந்துகொள்ளும். மெலிந்த எழுத்தென்றால் அதோடு சரி. அகலமாக, கால் ஊன்றி நிற்பதுதான் பிழைக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் எனக்கு யூரோஸ்டைல் என்ற ஆங்கில எழுத்துரு ஞாபகம் வந்துவிடும்.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். அடுத்த வருஷம் இத்தாலியின் துரின் நகரில், நெபியோலோ எழுத்து வார்ப்பகத்துக்காக ஆல்டோ நோவரேசே யூரோஸ்டைலை வரைந்தார். 1952-ல் அவரும் அலெஸ்ஸாண்ட்ரோ புட்டியும் செய்த மைக்ரோகிராமா இதற்கு அண்ணன். அண்ணனிடம் பெரிய எழுத்துகள் மட்டுமே உண்டு. சின்ன எழுத்து தம்பியோடு வந்தது.

இதன் ஆங்கில ‘ஓ’வைப் பாருங்கள். வட்டம் என்று சொல்ல வாய் வராது, நாலு பக்கமும் நிமிர்ந்திருக்கிறது. சதுரம் என்றால், பக்கங்கள் லேசாக விம்மியிருக்கின்றன. வளைவு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. முத்துக்கும் கண்டெய்னருக்கும் நடுவில் ஓர் உருவம். அதாவது, பழைய சாலிடேர் டிவி திரை! அன்றைக்கு டிவிதானே எதிர்காலம். குப்ரிக் தன் ‘2001’ படத்தில், 1968-லேயே, விண்கலத்துக்குள் இதன் அகன்ற வடிவத்தை வைத்துவிட்டார்.

ஒரு சொல், இரண்டு சொல் என்றால் கம்பீரம். இயந்திரத்தின் முகப்பு, மீட்டர் தகடு, படத் தலைப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தும். பத்தி அடிக்கக் கூடாது. எல்லா எழுத்தும் ஒரே ஜன்னலாகத் தெரியும். ஒரு கல்யாணப் பத்திரிகையை இதில் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளையைக் கப்பலில் ஏற்றுகிற ரசீது மாதிரி இருந்தது.

குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோ ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே பலகை எழுதுகிறவருக்குத் தமிழிலும் இப்படி ஒன்று வேண்டியிருக்குமே என்று கிராஃப் தாளில் ‘தூத்துக்குடி’ எழுதிப் பார்த்தேன். ‘ப’வும் ‘ட’வும் பிறவியிலேயே பெட்டிகள், அதனால் ‘டி’ சொன்னபடி கேட்டது. அதன் மேல்விலங்கு டிவி முனையாகவே வளைந்தது. ‘தூ’தான் படுத்திவிட்டது. அதன் சுழியைச் சதுரமாக்க ஆக்க ‘து’வாகிக்கொண்டே போனது. நாலு தடவை அழித்தேன்.

பிறகு புள்ளிகள். இந்தக் கரையில் ஊழியம் செய்த அண்டிரிக் அடிகளார் 1578-ல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ நூலில் புள்ளியே கிடையாது. ஓலை வழக்கம் அப்படியே அச்சுக்கும் வந்துவிட்டது. ஊர்ப் பெயரில் இரண்டு புள்ளி. சதுரமாக வைத்தேன், தகரத்தில் அடித்த ஆணி மாதிரி இருந்தது. அழித்துவிட்டு, அவை இரண்டை மட்டும் முழு வட்டமாகப் போட்டேன்.