காய்ந்த இலையை ஒட்டுப்போட்ட குருவி

தையல்சிட்டின் கூட்டை முதன்முதலில் அச்சில் காட்டிய படங்களில் ஒன்று 1769இல் லண்டனில் வந்தது. தாமஸ் பென்னன்ட்டின் ‘இந்தியன் ஜுவாலஜி’ நூலில் குருவியும் இலைக்கூடும் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டன. மூல ஓவியங்கள் நம் பக்கத்து இலங்கையிலிருந்து போனவை. அங்கே டச்சு கவர்னராக இருந்த லோட்டனுக்காகப் பீட்டர் டி பெவரே வரைந்தார். புகழ் பென்னன்ட்டுக்குப் போனது. பெவரேயை யார் நினைக்கிறார்கள்?

படத்தைவிட எனக்குப் பிடித்தது பென்னன்ட்டின் தவறு. குருவி ஒரு காய்ந்த இலையைக் கொண்டுவந்து பச்சை இலையோடு தைக்கிறது என்று எழுதிவிட்டார். அவர் இந்தியாவுக்கு வந்ததேயில்லை. காடாம்புலியூர்ப் பக்கம் ஒரு கொல்லைக்கு வந்திருந்தால் போதும். பலாவும் முந்திரியும் நிற்கிற தோப்போரம், இடுப்புயரக் கொய்யாக்கன்றில் பார்த்தேன்: இலை காம்போடு பச்சையாகத்தான் இருந்தது. விளிம்பில் அலகால் குத்திய பொடித் துளைகள். அதன் வழியே பஞ்சு, சிலந்தி நூல். முடிச்சே கிடையாது, துளைக்கு வெளியே நூல் நுனி பிசிறிப் பூத்துக்கொள்கிறது, அதுவே பிடிப்பு. இலை வாடாததால் கூடு கண்ணுக்கே படாது. அதுதான் சூட்சுமம்.

குருவிக்குப் பென்னன்ட் வைத்த ‘சுட்டோரியா’ என்ற பெயர் அதன் அறிவியல் பெயரில் இன்றும் ‘சுட்டோரியஸ்’ என நிற்கிறது. லத்தீனில் அது துணி தைப்பவரையல்ல, செருப்புத் தைப்பவரைக் குறிக்கும். துளை போட்டுவிட்டு நூல் கோக்கிற வேலைக்கு அதுவும் பொருத்தம்தான்.