மடையன், மாஸ்டர், செஃப்

'செஃப்' என்ற சொல் தமிழுக்குள் வந்த வேகத்தில் அதன் பொருள் வாசலிலேயே நின்றுவிட்டது. படித்துவிட்டுச் சமைக்கிறவர், நட்சத்திர ஓட்டலில் சமைக்கிறவர், ருசி தெரிந்தவர் என்றுதான் நாம் புரிந்து வைத்திருக்கிறோம். சமையல்காரர் ஒரு படி கீழே, செஃப் ஒரு படி மேலே. இடையில் இருப்பது திறமை. இந்தப் புரிதலைத்தான் இங்கே கேள்விக்குட்படுத்த வேண்டியிருக்கிறது.

பிரெஞ்சில் சமைக்கிறவருக்குப் பெயர் 'குய்சினியே'. 'ஷெஃப்' சமையல் சார்ந்த சொல்லே அல்ல. தலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. ரயில் நிலைய அதிகாரியும் இசைக்குழுவை நடத்துகிறவரும் அங்கே ஷெஃப்தான். 'சமையலறைத் தலைவர்' என்ற தொடர் தேய்ந்து, 'தலைவர்' மட்டும் மிஞ்சியது. 1870 போரில் ராணுவத்துக்குச் சமைத்த எஸ்கோஃபியே, பிறகு பெரிய ஓட்டல்களின் சமையலறையை ஒரு படைப்பிரிவு போலவே ஒழுங்குபடுத்தினார். சாஸுக்கு ஒருவர், வறுவலுக்கு ஒருவர், பாத்திரம் கழுவ ஒருவர். ஆணை மேலிருந்து கீழே வரும். சாஸ் வைக்கிறவரின் கை தலைவரின் கையைவிடத் தேர்ந்ததாக இருக்கலாம். இருந்தாலும் அவர் தலைவர் இல்லை. ஆக, குய்சினியேவுக்கும் ஷெஃப்புக்கும் உள்ள வித்தியாசம் நாக்கில் இல்லை. உற்பத்தி உறவில் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்கணும். குய்சினியேவின் பெண்பால் 'குய்சினியேர்'. சமைக்கும் பெண் என்றும் பொருள், அடுப்பு என்றும் பொருள். ஆளுக்கும் அடுப்புக்கும் ஒரே பெயர்! 1933இல் இரண்டு உணவகங்களுக்குமாகச் சேர்த்து ஆறு மிஷ்லின் நட்சத்திரங்கள் பெற்றவர் யூஜெனி பிராசியே. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பால் போக்யூஸ் அவரிடம் வேலை கற்றவர். அந்த அம்மையாரை ஊர் அழைத்த பெயர் 'மேர் பிராசியே', அதாவது பிராசியே அம்மா. ஆணுக்குப் பதவி, பெண்ணுக்கு உறவுமுறை. நம்ம ஊர் 'சத்துணவு ஆயா'வை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

தமிழில் இந்தக் கதை வேறு மாதிரி நடந்திருக்கிறது. மடைத்தொழில், மடைப்பள்ளி, மடையன் என்று சமையலுக்கு ஒரு சொற்குடும்பமே நமக்கு இருந்தது. மணிமேகலை, நாடக மகளிர் கற்ற கலைகளோடு மடைநூலையும் வைத்து எண்ணுகிறது. இன்று மடைப்பள்ளி கோயிலுக்குள் புனிதமாக இருக்கிறது. மடையன் தெருவில் வசவாக இருக்கிறான். இரண்டு 'மடையனும்' வெவ்வேறு வேர் என்று அகராதிக்காரர்கள் பிரிக்கலாம். ஆனால் எந்த மடையன் பிழைத்தான், எவன் செத்தான் என்பதற்கு வேர்ச்சொல் ஆராய்ச்சி பதில் சொல்லாது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கடைசியாகச் சமைக்கும்போது விரல் சிவக்கிறது, முகம் வேர்க்கிறது, புகையில் கண் சிவக்கிறது. முதுகலை வகுப்பில் அதைக் 'கற்பு' என்று படித்தோம். உழைப்பு என்று யாரும் படிக்கவில்லை. ஆண் சமையலுக்கு நளபாகம், வீமபாகம் என்று முத்திரை உண்டு. கண்ணகிபாகம் என்று ஒன்று ஏன் இல்லை?

எங்கள் மோகனூரில், நாவலடியான் கோயிலில் கிடா வெட்டி விருந்து போடுகிறவர்கள் ஆள் பேசும்போது கேட்கிற முதல் கேள்வி, "மாஸ்டர் யாருங்க?" மாஸ்டர்தான் சாமான் சீட்டு எழுதுவார், உப்புப் பார்ப்பார், கூலி பேசுவார், பிரித்தும் கொடுப்பார். வெங்காயம் உரித்து, அண்டா கழுவி, புகையில் நிற்கிற பெண்களுக்குப் பெயர் 'கூட வந்தவங்க'. எத்தனை வருஷம் கரண்டி பிடித்தாலும் அவர்கள் 'சமையல்காரம்மா'தான், மாஸ்டர் ஆவதில்லை. பிரெஞ்சு தெரியாமலேயே எங்கள் ஊர் ஷெஃப்பின் சரியான பொருளைப் பிடித்து வைத்திருக்கிறது.

ஆசிரியன் என்பது ஆள் அல்ல, ஒரு செயற்பாடு என்று 1969இல் ஃபூக்கோ பேசினார். பீச் மெல்பாவுக்கு எஸ்கோஃபியே என்ற ஆசிரியர் உண்டு. எங்கள் மாவட்டத்துப் பள்ளிபாளையம் சிக்கன் இன்று பெரிய ஓட்டல் பட்டியல்களில் இருக்கிறது. அதன் பெயரில் ஊர் இருக்கிறது, ஆள் இல்லை. 2019இல் தொடங்கிய 'குக்கு வித் கோமாளி'யில் சமைத்துக் காட்டுகிறவர் 'குக்கு', தீர்ப்புச் சொல்கிறவர் 'செஃப்'. சமைப்பது ஒருவர், சரியா என்று சொல்வது இன்னொருவர். வீட்டுக்கு வீடு பார்த்த அந்தச் சிரிப்பு நிகழ்ச்சி ஒரு படிநிலையையும் சேர்த்தே பரிமாறியது.

இதற்கு நண்பர்கள் ஒரு மறுப்புச் சொல்வார்கள். 'பிறப்பால் சமையல்காரன்' என்பதை உடைத்ததே செஃப்தானே? நியாயம்தான். ஓட்டல் பலகையில் சாதிப் பெயர் சமையலின் தகுதிச் சான்றாகத் தொங்கிய ஊர் இது. அதற்கு எதிராக 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் இயக்கம் மறியல் நடத்தியது. சாதிப் பலகை இருந்த இடத்தில் படிப்புச் சான்றிதழ் வருவது விடுதலைதான். ஆனால் அது யாருக்கு எட்டியது?

2023 செப்டம்பரில், எங்களுக்குக் காவிரியின் அக்கரையில் இருக்கும் கரூர் மாவட்டத்தில், வேலன்செட்டியூர் பள்ளியில் காலை உணவு சமைத்தவர் ஒரு தலித் பெண். அவர் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியரே நேரில் வந்து அங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. உப்பு கூடிப்போச்சு என்று யாரும் சொல்லவில்லை. ருசி அங்கே பேச்சிலேயே இல்லை. உணவுப் பட்டியலை அரசு தீர்மானிக்கிறது, கையை ஊர் தீர்மானிக்கப் பார்க்கிறது. சமைத்தவருக்குத் தீர்மானிக்க என்ன மிச்சம்?

அவரையும் செஃப் என்று அழைத்துவிட்டால் தீர்ந்ததா? தீராது. பட்டம் கொடுப்பது நமக்குச் செலவில்லாத புரட்சி. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பெயர்களுக்குக் குறைவில்லை. அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டுதான் முறையான காலமுறை ஊதியத்துக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வந்திருக்கிறார்கள். எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: செஃப்பைச் 'சமையலறைத் தலைவர்' என்றே மொழிபெயருங்கள். அப்போதாவது அதிகாரம் கண்ணுக்குத் தெரியும். களத்தில் இருக்கிறவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்கட்டும்: அந்தத் தலைக்குக் கீழே நிற்கிற கைகளுக்குக் கூலி எவ்வளவு, அந்தக் கை தொட்டதை உண்ண மறுப்பவர் யார்?